நிற்கிற வண்டி சும்மா நிற்பதில்லை

சுவிட்சர்லாந்து போய்விட்டு வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அங்கே ரயில்வே கேட் மூடினால் வரிசையில் நிற்கிற கார்கள் எஞ்சினை அணைத்துவிடுகின்றன. அணைக்கச் சொல்லிப் பலகையே வைத்திருக்கிறார்கள். அடிக்கடி அணைத்து ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? எது சரி?”

பலகைதான் சரி. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் இதை அளந்தே பார்த்திருக்கிறது. 10 வினாடிக்கு மேல் நிற்கப் போகிறோம் என்றால் அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்வதுதான் சிக்கனம். நீங்கள் கேள்விப்பட்டது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்த கார்புரேட்டர் என்ற பழைய கருவியின் காலத்துக் கணக்கு. அப்போது ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் பெட்ரோல் தாராளமாக உள்ளே போகும். இன்றைய எஞ்சினில் எவ்வளவு ஊசிவழியே பாய வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. சூடான எஞ்சின் மறுபடி உயிர்பெறச் சொட்டுக் கணக்கில்தான் எரிபொருள் கேட்கும். சும்மா ஓடவிட்டாலோ ஒரு நடுத்தரக் கார் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடித்துவிடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. செலவுக் கணக்கு அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த கதை புகைக்குழாய்க்குள் இருக்கிறது.

எஞ்சினுக்கும் புகைக்குழாயின் வாய்க்கும் நடுவே ஒரு தகரப் பெட்டி உண்டு. பெயர் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், வினையூக்கி மாற்றி. அறுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு பீங்கான் கட்டி, அதில் நெடுக்க ஊடுருவிப் போகும் ஆயிரக்கணக்கான மெல்லிய துளைகள். துளைகளின் சுவரில் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) பூச்சு. அந்தப் பூச்சில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மூன்றும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக ஒட்டியிருக்கின்றன. மொத்த உலோகமும் சில கிராம்தான். திருடர்கள் காருக்கு அடியில் ரம்பத்தோடு படுப்பது அந்தச் சில கிராமுக்காகத்தான்.

அதற்கு வேலை மூன்று. கார்பன் மோனாக்சைடுக்கு ஆக்சிஜன் கொடுத்து டை ஆக்சைடாக்க வேண்டும். எரியாமல் தப்பித்த பெட்ரோல் ஆவிக்கும் ஆக்சிஜன் கொடுத்து எரித்து முடிக்க வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடுகளிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கி, வெறும் நைட்ரஜனாக வெளியே அனுப்ப வேண்டும். சிக்கல் புரிகிறதா? இரண்டு பேருக்குக் கொடுக்க வேண்டும், ஒருவரிடமிருந்து பறிக்க வேண்டும், அதுவும் ஒரே பெட்டிக்குள், ஒரே நேரத்தில். புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால் மூன்றாவது வேலை நடக்காது. குறைந்தால் முதல் இரண்டும் படுத்துவிடும். 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற ஒற்றைப் புள்ளியை ஒட்டித்தான் மூன்றும் நடக்கும்.

அந்தப் புள்ளியில் எந்த எஞ்சினாலும் அசையாமல் நிற்க முடியாது. புகையை மோப்பம் பிடிக்கப் பெட்டியின் வாசலில் ஒரு ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. 1976-இல் வால்வோ கார்களில் முதலில் வந்தது. “ஆக்சிஜன் கூடிவிட்டது” என்று அது சொன்னதும் கணினி பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும். உடனே மறுபக்கம் சாய்ந்துவிடும், குறைக்கும். இப்படிக் கலவை ஓயாமல் ஊசலாடிக்கொண்டே இருக்கும்.

இந்த ஊசலாட்டத்தைத் தாங்குவது, பூச்சில் கலந்திருக்கும் சீரியம் ஆக்சைடு. விலை உயர்ந்த மூன்று உலோகங்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். என் ஓட்டு இந்த மலிவுச் சரக்குக்குத்தான். சீரியத்துக்கு இரண்டு நிலைகள் உண்டு: நான்கு எலக்ட்ரான் இழந்த நிலை, மூன்று இழந்த நிலை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அலட்டிக்கொள்ளாமல் மாறும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சும்போது அதைத் தன் படிகத்துக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். தட்டுப்பாடு வரும்போது விட்டுக்கொடுக்கும். மழையில் நிரம்பிக் கோடையில் வயலுக்குத் திறந்துவிடும் ஏரி மாதிரி. என்ன, இங்கே மழையும் கோடையும் சில நொடிகளுக்கு ஒருமுறை மாறி மாறி வரும்.

ஏரி தூர்ந்துவிட்டதா என்று பார்க்கப் பெட்டியின் கடைசியில் இரண்டாவது சென்சார் ஒன்று உண்டு. சென்சார்கள் சொல்வதைக் கோடாக வரைந்தால், முன்சென்சாரின் கோடு மேலும் கீழும் துள்ளும். சீரியம் நன்றாக வேலை செய்தால் பின்சென்சாரின் கோடு கிட்டத்தட்ட ஆடாமல் போகும். பின்கோடும் சேர்ந்து துள்ள ஆரம்பித்தால் பெட்டி செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியும்.

இத்தனை நேர்த்திக்கும் ஒரு நிபந்தனை: சூடு. சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரும்வரை பெட்டி வெறும் தகரம்தான். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில் போகும் புகை, அதன்பின் வெகுதூரம் ஓட்டி வரும் புகையைவிட மோசமாக இருப்பது இதனால்தான். “எஞ்சின் சூடாகட்டும்” என்று வாசலில் நிறுத்தி ஓடவிடுபவர்கள் அந்த மோசமான நேரத்தை இழுத்து நீட்டுகிறார்கள். மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால் எஞ்சினும் பெட்டியும் சீக்கிரம் சூடேறும். நிறுத்திச் சூடேற்றுவது படித்தவர்கள்கூட விடாத மூடநம்பிக்கைகளில் ஒன்று. ராசிபலன் பார்ப்பவரால் பக்கத்து வீட்டுக்காரருக்கு இருமல் வராது, இதனால் வரும்.

டீசல் வண்டிகளின் நிலை இன்னும் மோசம். டீசல் எஞ்சின் எப்போதும் காற்று மிகுந்துதான் எரிக்கும். ஆகவே மேலே சொன்ன மும்முனைப் பெட்டி அதற்கு நைட்ரஜன் ஆக்சைடு விஷயத்தில் உதவாது. பதிலாகப் புகையில் யூரியாக் கரைசலைத் தெளிக்கிறார்கள். அது அம்மோனியாவாகி நைட்ரஜன் ஆக்சைடை முறிக்கும். ஆனால் தெளிப்பதற்கே புகை 200 டிகிரியை ஒட்டிச் சூடாக இருக்க வேண்டும். சுமை இல்லாமல் ஓடும் லாரி எஞ்சினின் புகை அதற்கும் கீழே குளிர்ந்துவிடும். நெடுஞ்சாலையில் ஒழுங்காக இருக்கிற புத்தம் புது லாரி, எஞ்சினை ஓடவிட்டபடி நிற்கும்போது சுத்திகரிப்பே இல்லாத பழைய லாரியை நெருங்கிவிடுகிறது.

எஞ்சினை ஓடவிட்டபடி நிற்கக் கூடாது என்று பல இடங்களில் சட்டமே எழுதியிருக்கிறார்கள். ஹாங்காங்கில் 2011 டிசம்பர் முதல், ஒரு மணி நேரத்தில் 3 நிமிடத்துக்கு மேல் நின்றபடி எஞ்சினை ஓடவிட்டால் 320 ஹாங்காங் டாலர் அபராதம். ஜெர்மனியின் சாலை விதி தேவையில்லாமல் எஞ்சினை ஓடவிடாதே என்கிறது. நியூயார்க் நகரத்தில் 3 நிமிடம், பள்ளிக்கூடத்துப் பக்கம் என்றால் 1 நிமிடம்தான். அங்கே லாரி, பேருந்துகளை வீடியோ எடுத்துப் புகார் கொடுப்பவருக்கு அபராதத்தில் 25 சதவீதம் போகிறது. ஓட்டுநர்களுக்குக் கோபம் வருகிறதாம், வராமல் இருக்குமா? பகுதிநேர வருமானத்துக்காக லாரி தேடி அலைபவர்களும் உருவாகிவிட்டார்கள். எனக்கு இந்த முறையில் முழுச் சம்மதம் இல்லை. சுவிட்சர்லாந்தின் பலகையே போதும் என்பேன்.

ஆராய்ச்சிப் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதுவகை மின்கலம் என்றால் நிதி கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள். 150 டிகிரியிலேயே விழித்துக்கொள்ளும் வினையூக்கியைத் தேடும் ஆய்வில் அந்தக் கவர்ச்சி இல்லை. மின்வண்டிகள் வரட்டும், நல்லதுதான். ஆனால் இன்று விற்கும் டீசல் லாரி இன்னும் பல ஆண்டுகள் ஓடப்போகிறது. அதன் குளிர்ந்த புகைக்கும் யாராவது சம்பளம் வாங்கிக்கொண்டு விடை தேட வேண்டாமா?

வாசகருக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது: அணைத்தால் பெட்டி ஆறிவிடாதா? ரயில் கடந்துபோகும் அவகாசத்தில் ஆறாது; பீங்கான் சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும். பேட்டரி தளர்ந்த பழைய காரை மட்டும் ஒவ்வொரு சிக்னலிலும் அணைக்க வேண்டாம். தானாக அணைந்து எழும் கார்களுக்கு அதற்கென்றே வலுவான ஸ்டார்ட்டரும் பேட்டரியும் வைத்திருக்கிறார்கள், பழைய கார்களில் அது கிடையாது.