காய்ச்சல் விட்டது, அசதி விடவில்லை

தலைக்குக் குளித்துவிட்டு வந்தவர், துண்டைக்கூட உலர்த்தாமல் அப்படியே கட்டிலில் சாய்கிறார். வைரஸ் காய்ச்சல் விட்டு மூன்று வாரம் ஆகிறது. இருமல் இல்லை, ரத்தப் பரிசோதனையில் குறையில்லை. ஆனால் பத்து நிமிடக் குளியல் அவரை அடித்துப் போட்டதுபோல் ஆக்கிவிடுகிறது. பார்க்கிறவர்களுக்கு இது சோம்பலாகத் தெரியும். நாலு நாள் போனால் அவருக்கே அந்தச் சந்தேகம் வந்துவிடும்.

அந்தக் குளியலையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். எழுந்து நின்றதுமே அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. வெந்நீர் பட்டுத் தோலின் ரத்தக்குழாய்கள் விரிவதால் இன்னும் கொஞ்சம் அங்கே போய்த் தேங்குகிறது. இதற்கு மேல், தலை தேய்க்கக் கைகளை உயர்த்திப் பிடித்திருக்கிறோம். இதயத்துக்கு அதுவும் கூடுதல் வேலை. நல்ல உடம்பில் தன்னியக்க நரம்புகள் நமக்குத் தெரியாமலே இதையெல்லாம் சமாளித்துவிடும். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இந்த நரம்புகள் தடுமாறுகின்றன. நின்ற பத்து நிமிடத்துக்குள், ரத்த அழுத்தம் இறங்காமலே, நாடித்துடிப்பு முன்பிருந்ததைவிட நிமிடத்துக்கு 30 துடிப்புக்கு மேல் கூடிவிடுகிறது. பெரியவர்களில் இது நீடித்தால் மருத்துவர்கள் ‘பாட்ஸ்’ என்கிறார்கள். அவ்வளவு தூரம் போகாதவர்களுக்கும், ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால் வித்தியாசம் தெரியும்.

சரி, அசதி முதலில் எங்கிருந்து வருகிறது? ஃப்ளூ வந்தால் உடம்பு வலியும் சோர்வும் வருமே, அதில் பெரும்பங்கு வைரஸின் கைவேலை இல்லை, நம் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை. வைரஸைக் கண்டதும் செல்கள் இன்டர்ஃபெரான், இன்டர்லூகின் போன்ற சைட்டோகைன்களை, அதாவது செய்தி சொல்லும் புரதங்களைச் சுரக்கின்றன. அவை ரத்தம் வழியாகவும், நெஞ்சையும் வயிற்றையும் மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகவும் மூளைக்குச் செய்தி சொல்கின்றன. மூளை உத்தரவு போடுகிறது: படு, சாப்பாட்டில் நாட்டம் வேண்டாம், யாரோடும் பேச்சு வேண்டாம். நோயுற்ற விலங்குகளும் இப்படித்தான் ஒடுங்கிக் கிடக்கின்றன. அது வெறும் பலவீனம் இல்லை, பிழைப்பதற்கான ஏற்பாடு என்று பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை ஆய்வாளர் 1988-இல் எழுதினார். காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினாலே உடம்பின் எரிசக்திச் செலவு பத்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. அந்தச் செலவை ஈடுகட்ட மற்றச் செலவுகளை மூளை நிறுத்திவைக்கிறது.

இதற்கு எதிர்பாராத ஒரு சாட்சியம் கிடைத்தது. ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு ஒரு காலத்தில் இன்டர்ஃபெரானை ஊசியாகப் போட்டார்கள். போட்டுக்கொண்ட பலருக்கு ஃப்ளூ இல்லாமலே ஃப்ளூவின் அசதியும், காய்ச்சலும், மனச்சோர்வும் வந்தன. ஆக, அசதி என்பது பெட்ரோல் தீர்ந்துபோன வண்டி இல்லை. ஓட வேண்டாம் என்று மேலிருந்து வந்த உத்தரவு.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் உத்தரவு திரும்பப் பெறப்படுகிறது. சிலருக்கு அப்படி நடப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் டப்போ பகுதியில் 253 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களுக்கு வந்தவை மூன்று வேறு வேறு தொற்றுகள்: எப்ஸ்டீன்-பார் வைரஸ், ராஸ் ரிவர் வைரஸ், கியூ காய்ச்சல் (இதைத் தருவது வைரஸ்கூட இல்லை, பாக்டீரியா). ஆறு மாதம் கழித்தும் 12 சதவீதம் பேர் கடும் அசதியில் இருந்தார்கள், மூன்று கூட்டத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. யாருக்கு அசதி நீடிக்கும் என்பதை முன்கூட்டிக் காட்டியது தொடக்க நோயின் கடுமைதான். அவர்களுடைய மனநிலை இல்லை. “எல்லாம் உன் மனசுதான்” என்று அறிவுரை சொல்பவர்கள் இதைப் படிக்கலாம்.

உத்தரவு ஏன் திரும்பப் பெறப்படவில்லை? முழு விடை யாரிடமும் இல்லை. அடங்காத எதிர்ப்பு மண்டலம், உடம்பில் தங்கிவிட்ட வைரஸ் எச்சங்கள், தடுமாறும் நரம்புகள் என்று சந்தேகப் பட்டியல் இருக்கிறது. தசைக்குள்ளும் தடயம் உண்டு. நீடித்த கோவிட் உள்ள 25 பேரையும் நலமான 21 பேரையும் ஆம்ஸ்டர்டாமில் கால்மணி நேரம் சைக்கிள் மிதிக்கவிட்டார்கள். அதற்கு முன்பும், மிதித்த மறுநாளும் அவர்களின் தசையிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். 2024-இல் வெளியான அந்த ஆய்வில், நோயாளிகளின் தசையில் உழைப்புக்குப் பிறகு, செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் செயல்பாடு மேலும் குறைந்திருந்தது. தசைச் சேதமும் கூடியிருந்தது.

‘மறுநாள்’ என்பதுதான் இதில் முக்கியம். இந்த வகை அசதியை பேட்டரி சார்ஜ் என்று விளக்குவது வழக்கம். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. பேட்டரி தீர்ந்தால் அப்போதே தெரியும். இது கிரெடிட் கார்டு மாதிரி: வாங்கும்போது ஒன்றும் தெரியாது, பில் பிறகு வரும், வட்டியோடு. உழைப்புக்கும் சரிவுக்கும் நடுவே பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் இடைவெளி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தெம்பாக இருந்ததென்று வீட்டை ஒழுங்குபடுத்தியவர் செவ்வாய்க்கிழமை எழ முடியாமல் கிடப்பார். “நேற்றுகூட நன்றாகத்தானே இருந்தேன்” என்பார். தேறியதும் தேங்கிய வேலையையெல்லாம் ஒரே மூச்சில் முடிப்பார், மறுபடி விழுவார். உடற்பயிற்சியைத் திட்டமிட்டு ஏற்றிக்கொண்டே போகும் சிகிச்சையை, நாள்பட்ட களைப்பு நோயாளிகளுக்குத் தர வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-இல் சொன்னது இதனால்தான்.

அதற்காகப் படுத்தே கிடப்பதும் சரிவராது. 1966-இல் டாலஸ் நகரில், இருபது வயதுள்ள ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உடம்பு உச்சமாக ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால்பங்குக்கு மேல் குறைந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, வயது அவர்களிடம் பறித்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் பறித்திருந்தது தெரிந்தது.

அப்படியானால் எவ்வளவு நடப்பது? கால் ஓயும்வரை என்ற கணக்கு உதவாது, பில் இன்னும் வரவில்லையே. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துத்தான் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். சரிவே வராதவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகலாம். வருபவர்கள் சரிவு வராத அளவுக்கு இறங்கி, அங்கேயே சில காலம் நிற்பது நல்லது: தெம்பு இருக்கும்போதே நிறுத்துவது, வேலையைத் துண்டு துண்டாகச் செய்வது, நின்று செய்வதை உட்கார்ந்து செய்வது. மூளை வேலையும் கணக்கில் சேரும். எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை, ஓய்வில்கூட உடம்பின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. போனை நோண்டிக்கொண்டு படுத்திருப்பதை ஓய்வில் சேர்க்க வேண்டாம்.

நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், மூச்சுத்திணறல் வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். சில வைரஸ்கள் இதயத் தசையையும் தாக்கும். அசதி வாரக்கணக்கில் நீண்டால் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. ரத்தசோகையின் குற்றத்தையும் வைரஸ் தலையில் கட்டிவிடுவது சுலபம்.

அப்புறம், ஒரு சின்ன நோட்டு. தினமும் செய்ததை ஒரு வரி, உடம்பு இருந்த விதத்தை ஒரு வரி. மோசமான நாளில் அந்த நாளின் பக்கத்தை விட்டுவிட்டு, முந்தைய இரண்டு பக்கங்களைப் புரட்ட வேண்டும். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும்: ஒரு மணி நேர போன் பேச்சு, இரண்டு மாடி ஏறியது, இல்லாவிட்டால் நின்றபடி ஒரு வெந்நீர்க் குளியல்.