ஹெட்லைட் எரியவில்லையா? பல்பு வாங்குவதற்கு முன்னால்

ஹெட்லைட் கோளாறு என்று வண்டியைக் கொண்டுவரும் பலர் கையில் ஒரு புதுப் பல்பையும் வைத்திருப்பார்கள். "மாத்திப் பார்த்தேன், அப்பவும் எரியலை" என்பார்கள். பல்பைச் சந்தேகிப்பதில் தவறில்லை. ஆனால் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக நான் சொல்வது இதுதான்: எதையும் கழற்றுவதற்கு முன், எது எரிகிறது, எது எரியவில்லை என்று நன்றாகப் பாருங்கள்.

வண்டியை ஒரு சுவருக்கு நேராக நிறுத்தி டிம், பிரைட் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் அந்தப் பக்கத்துப் பல்பு, ஃபியூஸ், கனெக்டர், எர்த் (வண்டியின் பாடியோடு சேரும் நெகட்டிவ் ஒயர்) என்று தேடினால் போதும். இரண்டு பக்கமும் சேர்ந்து அணைந்திருந்தால் ரிலே (சுவிட்ச் போட்டதும் விளக்குக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சிறு பெட்டி), சுவிட்ச், பொதுவான ஃபியூஸ் பக்கம் போங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு பக்க டிம் எப்போதோ போயிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மற்றதும் போகும் அன்றுதான் இரண்டும் ஒரே நேரத்தில் போனதுபோலத் தெரியும். எச்4 என்ற வகை ஹாலஜன் பல்பில் டிம்முக்கு ஓர் இழை, பிரைட்டுக்கு ஓர் இழை என இரண்டு இருப்பதால், பிரைட் எரிகிறது என்பதற்காகப் பல்பு நல்லது என்று முடிவு செய்துவிட முடியாது.

ஃபியூஸ் பார்ப்பது எளிது. ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் எந்த ஃபியூஸ் எதற்கு என்று பெரும்பாலும் படமே இருக்கும். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். எரிந்துபோன ஃபியூஸுக்குப் பதிலாக அதே அளவைப் போடுங்கள். அதுவும் உடனே எரிந்தால் ஒயரில் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அப்போது பெரிய ஃபியூஸைப் போடுவதோ கம்பியைச் சுற்றி வைப்பதோ வண்டிக்கே தீ வைக்கிற வேலை. தயவுசெய்து செய்யாதீர்கள். ரிலேவைச் சந்தேகித்தால், பெட்டியில் அதே எண் கொண்ட இன்னொரு ரிலேவை, உதாரணமாக ஹாரனுடையதை, இடம் மாற்றிப் பார்க்கலாம்.

அதிகம் ஏமாற்றுவது மங்கலான வெளிச்சம். எரிகிறது, ஆனால் சாலை தெரியவில்லை. ஹாலஜன் பல்புக்குக் கிடைக்கும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். பெரும்பாலும் எர்த் ஒயர் பாடியில் முறுக்கிய இடத்தில் துரு ஏறியிருக்கும், அல்லது கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருக்கும். இங்கே வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரும் ஏமாற்றும். பிளக்கைக் கழற்றி அளந்தால் 12 வோல்ட் அழகாகக் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்ட் இழுப்பதே இல்லை. பல்பை மாட்டி, எரியவிட்டு, எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் பல்பை விட்டுவிட்டு எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். இரண்டு பக்கமும் மங்கலாக இருந்தால் எஞ்சினை ஓடவிட்டுப் பேட்டரியில் அளக்க வேண்டும். பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்கும். 15ஐத் தாண்டினால் சார்ஜிங் கோளாறு, பல்பு அடிக்கடி போவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். மின்சாரம் எல்லாம் சரி, ஆனாலும் மங்கல் என்றால் முன்பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். இப்போதைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் அது கண்ணாடியே இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயில் பட்டு மஞ்சளாகிவிடும்.

வெளிச்சம் போதவில்லை என்று 55/60 வாட் இடத்தில் 90/100 வாட் போடுபவர்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. 55 வாட்டுக்குச் சுமார் நாலரை ஆம்பியர் போதும், 100 வாட்டுக்கு எட்டுக்கு மேல் ஓடும். ஒயரும் ஹோல்டரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. உருகிக் கருகிய ஹோல்டர்களை அடிக்கடி பிரித்து எடுக்கிறேன். ஹாலஜனுக்கென்று வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பைச் செருகினாலும் வெளிச்சம் சிதறி எதிரே வருபவரின் கண்ணைத்தான் அடிக்கும்.

சரி, பல்புதான் போயிருக்கிறது என்று உறுதியானால், விளக்கை அணைத்து, பல்பு ஆறிய பிறகு கழற்றுங்கள். புதியதன் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் அதிகம் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும். பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட சுத்தமான துணியால் துடைக்கலாம். ஒன்று போனால் அதே வயதுள்ள மற்றதும் நீண்ட நாள் நிற்காது, ஜோடியாக மாற்றுவது நல்லது. ஜீனான் விளக்கு என்றால் மட்டும் வீட்டில் கை வைக்காதீர்கள். அது பற்றும்போது 20,000 வோல்ட்டுக்கு மேல் பாயும்.

பல்பு காடியில் சரியாக உட்காரவில்லை என்றால் வெளிச்சம் கோணலாகப் போகும். அதனால் மாற்றியதும் மறுபடி சுவரில் அடித்துப் பாருங்கள். வண்டிக்குள்ளே வெளிச்சத்தின் உயரம் மாற்றும் திருகு இருந்தால் 0-வில் வையுங்கள். விளக்கின் மேல் 1% என்று அச்சிட்டிருந்தால், 10 மீட்டர் தூரத்தில் டிம்மின் மேல்விளிம்பு விளக்கின் நடு உயரத்தைவிட 10 செ.மீ. கீழே விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மேலே நின்றால், விளக்கைச் சரிசெய்யும் ஸ்க்ரூவைத் திருகுவதற்கு முன் அந்தப் பல்பை எடுத்து மறுபடி பொருத்துங்கள்.