பொக்கசி: கூட்டெரு அன்று, புளிப்பெரு

குசினியில் மிஞ்சும் உணவுக் கழிவை நுண்ணங்கிகள் ஏற்றிய தவிட்டோடு அடுக்கடுக்காகச் சேர்த்து, காற்றுப் புகாத வாளியில் அமுக்கி மூடிப் புளிக்க வைத்து, பின்னர் மண்ணில் தாட்டுப் பயிருக்கு ஊட்டமாக்கும் முறைக்கு இன்று உலகெங்கும் வழங்கும் ஜப்பானியப் பெயர் பொக்கசி என்பதாகும். தமிழில் இதைப் பலரும் 'ஜப்பானியக் கூட்டெரு' என்று சொல்லிக் கடந்துவிடுகின்றனர். அது சொல்லளவில் மட்டும் பிழையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால், கூட்டெரு என்று நம்பி, வாளியிலிருந்து எடுத்த கையோடு கத்தரிக் கன்றின் அடியில் போடுபவர் அந்தக் கன்று வாடுவதையும் பார்க்க நேரும். பெயர் தவறினால் கையாளும் முறையும் தவறிப்போகும் என்பதால், இந்தச் சொல்லைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுடையது.

'பொக்கசு' என்ற ஜப்பானிய வினைச்சொல்லுக்கு மங்கச் செய்தல், விளிம்பு தெரியாமல் கலக்கிவிடுதல், கடுமையைத் தணித்தல் என்று பொருள். அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் பொக்கசி. உரத்தோடு தொடர்பில்லாத இடத்தில்தான் இந்தச் சொல் வெளியுலகில் பெயர்பெற்றது. ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியங்களில் ஒரு நிறம் அடர்த்தியாகத் தொடங்கிச் சிறிது சிறிதாக வெளிறி மறையும்படி அச்சிடும் நுட்பத்துக்குப் பொக்கசி என்று பெயர். அச்சிடுபவர் ஈரமாக்கிய கட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் மையை இட்டுத் தூரிகையால் இழுத்துப் பரவவிடுவார். ஹிரோஷிகே (1797–1858) வரைந்த நிலக்காட்சிகளில் வானத்தின் மேல்விளிம்பு கடுநீலமாக இருந்து கீழே வரவர வெளுத்துப் போவது இந்தக் கைவேலையால்தான். ஆகவே 'பொக்கசி என்றால் ஜப்பானிய மொழியில் நொதித்த சேதனப் பொருள்' என்று திரும்பத் திரும்ப எழுதப்படுவது சொல்லின் மூலப்பொருள் அன்று. அந்தச் சொல் பின்னர் போய் ஒட்டிக்கொண்ட பண்டத்தின் விளக்கம் மட்டுமே.

உழவுக்கு இந்தச் சொல் எப்படி வந்தது என்பதற்கு ஜப்பானிய உழவரின் பழைய வழக்கமே விடை தருகிறது. அரிசித் தவிடு, புண்ணாக்கு, மீன்தூள் போன்ற வீரியமான பண்டங்களைப் பச்சையாகப் பயிருக்கு இட்டால் வேர் கெடும். பூச்சியும் எலியும் வரும். அவற்றை மண்ணோடு கலந்து நொதிக்க விட்டால் வேகம் தணிந்து, ஊட்டம் மெல்ல மெல்லப் பயிருக்குச் சேரும். உரத்தின் கடுமையை இவ்வாறு மழுங்கச் செய்வதால் அது 'பொக்கசிகொயே' எனப்பட்டது. 'கொயே' என்பது எரு. ஜப்பானிய உழவர் பொக்கசி என்று சொன்னால் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது தவிட்டையும் புண்ணாக்கையும் கொண்டு செய்த இந்தத் தோட்டத்து உரமே; குசினி வாளி அன்று.

குசினி வாளியின் கதை வேறு. ஒகினாவாவிலுள்ள ரியூக்கியூப் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலைப் பேராசிரியராக இருந்த தெருவோ ஹிகா, 1980களின் தொடக்கத்தில், இலற்றிக்கமில பற்றீரியா, மதுவம் (ஈஸ்ட்), ஒளித்தொகுப்பு செய்யும் பற்றீரியா ஆகியவற்றைக் கொண்ட ஒரு நுண்ணங்கிக் கலவையை, 'பயன்தரு நுண்ணங்கிகள்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமான 'இ.எம்.' என்ற பெயரில் அறிமுகப்படுத்தினார். அந்தக் கலவையைத் தவிட்டில் ஏற்றி உணவுக் கழிவோடு சேர்க்கும் வீட்டுமுறை அதன் வழியே பரவியது. இ.எம். மீது பின்னாளில் ஏற்றப்பட்ட அற்புதங்கள் பல உண்டு. அவற்றை நம்பவேண்டிய தேவை நமக்கு இல்லை. வாளிக்குள் நடப்பதை விளக்க இலற்றிக்கமில பற்றீரியா ஒன்றே ஏறக்குறையப் போதும்.

எழுத்துக்கூட்டலையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தமிழில் பொகாசி, போகாசி, பொகாஷி என்றெல்லாம் எழுதுகின்றனர். ஜப்பானிய மூலத்தில் மூன்று எழுத்துகளும் குறில். நம்முடைய பேச்சில் சொல்லின் நடுவே தனித்து வரும் ககரம் மெலிந்து ஒலிப்பதால், 'பொகசி' என்று எழுதினால் மூலத்தின் வல்லொலி போய்விடும். எனவே ககரத்தை இரட்டித்துப் பொக்கசி என்று எழுதுவதே ஒலிக்கு நெருக்கமானது.

இனி, கூட்டெரு என்ற பெயர் ஏன் பொருந்தாது என்பதைப் பார்க்கலாம். 'கொம்போஸ்ற்' என்ற ஆங்கிலச் சொல், ஒன்றாகச் சேர்த்து வைக்கப்பட்டது என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நமது 'கூட்டெரு' அந்தக் கருத்தையே கூட்டு என்ற தமிழ்ச்சொல்லால் அழகாகச் சொல்கிறது. அதில் குறைகாண எதுவுமில்லை. ஆனால், கூட்டெரு காற்றோடு நடக்கும் வேலை. குவியலைப் புரட்டிக் காற்றுக் கொடுக்கிறோம். உள்ளே சூடு ஏறுகிறது. குவியலின் காபனில் பெரும்பகுதி காபனீரொட்சைட்டாக வெளியேறுவதால் குவியல் வற்றி இறங்குகிறது. கடைசியில் கையில் எடுத்தால் எது இலை, எது தோல் என்று தெரியாத கறுத்த மண் கிடைக்கிறது. பொக்கசி இதற்கு நேர்மாறானது. காற்றை அடைக்கிறோம், சூடு ஏறுவதில்லை, கழிவின் பருமன் பெரிதாகக் குறைவதில்லை. பற்றீரியா கழிவிலுள்ள வெல்லத்தை (சீனிச் சத்தை) இலற்றிக் அமிலமாக மாற்ற, கலவையின் பி.எச். (குறையக் குறைய அமிலத்தன்மை கூடியதைக் காட்டும் அளவு) 4ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. அந்தப் புளிப்பில் அழுகல் உண்டாக்கும் கிருமிகள் தலையெடுக்க முடியாது. இரண்டு கிழமை கழித்து மூடியைத் திறந்தால் வாழைப்பழத்தோல் வாழைப்பழத்தோலாகவே கிடக்கும். மீன்தலையும் மீன்தலையாகவே இருக்கும். நிறம் சற்று மங்கி, மேலே வெண்பூஞ்சணம் பூத்து, மூக்கில் புளித்த வாடை ஏறும். உக்கிய பொருள் அன்று அது. உக்குவதற்கு ஆயத்தமான பொருள். உக்கும் வேலை மண்ணுக்குள் போன பிறகே தொடங்குகிறது.

ஆதலால் 'மக்கு', 'மட்கு' என்ற அடிகளிலிருந்து ஆக்கும் பெயர்களும் இதற்கு உதவா. 'நொதியெரு' என்று சிலர் சொல்லக்கூடும். நொதித்தல் என்பது நமது பாடநூல்களில் நிலைபெற்ற சொல்தான். எனினும் 'நொதி', 'நொதியம்' என்பவை உயிரிரசாயனத்தில் 'என்சைம்' என்ற வேறொன்றுக்குப் பெயராகிவிட்டபடியால், நொதியெரு என்றதும் ஏதோ நொதியம் கலந்த கடைச்சரக்கு என்று எண்ண இடமுண்டு. 'ஊறலெரு' என்றால் நீரில் ஊறவைத்த சாணக் கரைசல் நினைவுக்கு வரும். என் கருத்தில் 'புளிப்பெரு' என்பதே தகும். தோசைமாவைப் புளிக்க வைப்பதிலும் இலற்றிக்கமில பற்றீரியாவுக்கே முதற்பங்கு. 'மா புளிச்சிட்டுது' என்று நாள்தோறும் சொல்லும் வீட்டில் புளிப்பெரு என்ற பெயருக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. இந்தப் பெயர் அமிலத்தைச் சொல்கிறது, வாடையைச் சொல்கிறது, வேருக்கு அருகில் உடனே கொண்டுபோகாதே என்ற எச்சரிக்கையையும் தன்னுள் வைத்திருக்கிறது. பழப்புளியில் செய்த எரு என்று எவரும் மயங்கப்போவதில்லை.

எரு என்றால் மாட்டெருவும் ஆட்டெருவும்தானே என்று கேட்கலாம். அந்தச் சொல்லின் பரப்பு அதைவிட அகன்றது. திருக்குறளின் உழவு அதிகாரத்தில் (1037) ஒரு பிடி எருவைக் குறிக்கும் 'பிடித்தெரு' என்ற தொடர் இருக்கிறது. அங்கே அது நிலத்துக்கு இடும் ஊட்டத்தின் பொதுப்பெயர். கூட்டெரு என்ற சொல் வழக்குக்கு வந்தபோதே சாணம் என்ற குறுகிய எல்லை உடைந்துவிட்டது. பசளை என்று சொல்லலாமே என்றால், நம் ஊரில் அந்தச் சொல் கடையில் வாங்கும் மூட்டையோடு மிக நெருங்கிவிட்டது. 2021ஆம் ஆண்டு இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டின் இறுதிக்குள் அந்தத் தடை கைவிடப்பட்ட காலத்தில், 'சேதனப் பசளை' என்பது செய்தித்தாள்களில் நாள்தோறும் அடிபட்டு, தோட்டக்காரர் வாயில் கசப்போடு புரண்ட சொல்லாகவும் ஆயிற்று. அந்தச் சுமையை இந்தச் சிறு வாளியின் தலையில் ஏற்றவேண்டாம்.

பொக்கசி என்ற ஒரே சொல்லால் மூன்று வேறு பொருள்களைச் சுட்டுவது இன்னொரு குழப்பம். கடையில் பையில் அடைத்து விற்கும் தவிடும் பொக்கசி, வாளியில் செய்யும் முறையும் பொக்கசி, வாளியிலிருந்து வெளிவரும் பண்டமும் பொக்கசி. தமிழில் இவற்றைப் பிரித்தே சொல்லலாம்: தவிட்டைப் 'புளிப்புத் தவிடு' என்றும், பண்டத்தைப் புளிப்பெரு என்றும், முறையை 'வாளிப் புளிப்பு' என்றும் குறிக்கலாம். புளிப்புத் தவிட்டை வீட்டிலேயே செய்யமுடியும். 10 கிலோ தவிட்டுக்கு ஏறக்குறைய 3 லீற்றர் தண்ணீர் என்ற அளவில், நுண்ணங்கிக் கரைசலையும் சிறிது வெல்லப்பாகையும் அந்தத் தண்ணீரில் கலந்து பிசைய வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்கவேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக்கூடாது, பெருவிரலால் தட்டினால் உதிர்ந்துவிட வேண்டும், அதுவே பதம். அதைக் காற்றில்லாமல் அடைத்து இரண்டு கிழமை வைத்துப் பின் நிழலில் உலர்த்தினால் பல மாதம் கெடாது. வெல்லப்பாகுக்குப் பதிலாகப் பனங்கட்டிக் கரைசலும் ஆகும். ஆனால், பனங்கட்டி விற்கும் விலையில் அதைத் தவிட்டில் ஊற்ற எந்த வீட்டுக்காரிக்கும் மனம் வராது. இ.எம். கிடைக்காதவர்கள் அரிசி கழுவிய தண்ணீரைப் புளிக்க விட்டு, அதைப் பாலோடு சேர்த்து, பால் திரைந்தபின் கீழே தங்கும் தெளிவை எடுத்துப் பயன்படுத்துவதும் உண்டு. மில்லில் உமியை வாங்கிவந்து தவிடு என்று எண்ணிப் பிசைவதில் பயனில்லை. உமியில் பற்றீரியாவுக்குத் தீனி மிகக் குறைவு.

யாழ்ப்பாணத்து மண்ணுக்குப் புளிப்பெரு புதிய கருத்தா என்றால், பாதிதான் புதிது. பூவரசங் குழையையும் சீமைக்கிளுவைக் குழையையும் வெட்டித் தோட்டத்தில் தாட்பதும், பனையோலையைக் கிழித்துப் புதைப்பதும், அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுப்பட்டி அடைப்பதும் இங்கே நெடுங்காலப் பழக்கம். மண்ணுக்குள் வைத்தே உக்கச் செய்வதில் குழை தாட்டலும் புளிப்பெருவும் ஒரே வழியில் நடப்பவை. வேறுபாடு, குழைக்குப் பதிலாக மீன்குடலும் சோறும் தேங்காய்ச் சக்கையும் போவதிலும், அவை நாற்றமின்றிப் போவதிலும் இருக்கிறது. வலிகாமத்துச் செம்மண் சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் கிடக்கும் மண். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் அந்தப் படிவைப் பார்த்தவருக்குக் கிணற்றுநீரின் தன்மையை விளக்கவேண்டியதில்லை. புளிப்பெரு, சுண்ணாம்பால் வரும் இந்தக் காரத்தன்மையை நிரந்தரமாக மாற்றிவிடும் என்று எதிர்பார்க்கக்கூடாது. மண்ணுயிர்கள் அமிலத்தைத் தின்று தீர்த்தபின் புளிப்பு மறைந்துவிடும். எஞ்சுவது சேதனப் பொருள். அதுவே நமது மண்ணுக்கு மிக வேண்டியதும்.

தாட்கும் முறையில் அவசரம் கூடாது. ஓரடி ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி, புளிப்பெருவை மண்ணோடு பிரட்டிப் போட்டு, மேலே ஒரு சாணளவு மண் மூடவேண்டும். மூடியது போதாதென்றால் நாய் தோண்டும், கோழி கிளறும்; மேலே பனையின் கருக்கு மட்டையை அடுக்கி வைத்தால் இரண்டுக்கும் தடை. இரண்டு கிழமைக்குக் குறையாமல் விட்டு அதன்பின் கன்று நடலாம். நிற்கும் வாழைக்கும் எலுமிச்சைக்கும் என்றால் அடிமரத்திலிருந்து விலக்கிச் சுற்றிவரத் தாட்கவேண்டும். மாரியில் நீர் நிற்கும் கிடங்கில் போட்டால் அது புளிப்பெருவாக இராது, அழுகிவிடும். அந்தப் பருவத்தில் பழைய தொட்டி ஒன்றில் உலர்ந்த மண்ணோடு அடுக்கி மூடிவைப்பது நன்று. கறியில் உப்புக் கூடியிருந்தால் வடித்துப் போடவேண்டும். உப்பு எந்தப் புளிப்பிலும் கரைந்து காணாமற் போவதில்லை. பச்சை அல்லது கறுப்புப் பூஞ்சணம் படர்ந்து அழுகல் நாற்றம் எழுந்தால், காற்றுப் புகுந்துவிட்டது அல்லது தவிடு போதவில்லை என்று கொள்ளவேண்டும்.

வாளியின் அடிக்குழாயில் வடியும் மஞ்சள் நீருக்கும் பெயர் வேண்டும். அதைத் 'தேநீர்' என்று ஆங்கிலத்தைப் பின்பற்றி எழுதுவது நமக்கு ஒட்டாது. 'புளிப்பு வடிநீர்' என்றால் போதும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதை வடிக்காவிட்டால் வாளிக்குள் கழிவு நீரில் மூழ்கி நாறத் தொடங்கும். வடித்ததை அன்றே, ஒரு பங்குக்கு நூறு பங்கு தண்ணீர் சேர்த்து, இலையில் படாமல் மண்ணில் ஊற்றவேண்டும். கிணற்றடியில் மட்டும் ஊற்றக்கூடாது, புளிப்பெருவைத் தாட்கவும் கூடாது. மண் படை மெல்லிய, வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறைக்கு மேலே வாழும் நமக்கு, கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருப்பது பழைய கவலை. மூட்டையிலிருந்து வந்த நைதரசனானாலும் மீன்தலையிலிருந்து வந்த நைதரசனானாலும் கீழே இறங்கும் வழி ஒன்றுதான்.