புறா தலையை ஆட்டுவதில்லை

புறா நடக்கும்போது தலையை முன்னும் பின்னும் ஆட்டுகிறது என்றுதான் எல்லோரும் சொல்வோம். அடுத்த முறை ஒரு புறாவைப் பார்த்தால் கைப்பேசியில் ஸ்லோ மோஷனில் படம்பிடித்துப் பாருங்கள். தலை முன்னால் பாயும். பிறகு அந்தரத்தில் ஆணி அடித்து மாட்டியதுபோல் அப்படியே நிற்கும். உடம்பு மட்டும் நடந்து வந்து அதை எட்டிப் பிடிக்கும். பிடித்த மறுகணம் தலை மீண்டும் பாயும். பின்னால் அது போவதே இல்லை. உடம்பு முன்னேறி வருவதால் தலை பின்வாங்குவதாக நமக்குத் தோன்றுகிறது.

ஏன் இந்தப் பாடு? ஓடும் ரயிலின் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரின் கண்களைக் கவனித்தால் விடை கிடைக்கும். அவருடைய விழி ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் பின்னால் போகும், சட்டென்று முன்னால் தாவி அடுத்த மரத்தைப் பிடிக்கும். விழி இப்படிச் சுழல்வதால்தான் காட்சி கலங்காமல் தெரிகிறது. புறாவின் கண்கள் தலையின் இருபுறமும் இருக்கின்றன. ஏறத்தாழ 340 டிகிரி அளவுக்கு அதனால் சுற்றிலும் பார்க்க முடியும். ஆனால் விழியை நம்மளவுக்குச் சுழற்ற அதற்கு வராது. நாம் விழியால் செய்யும் வேலையை அது கழுத்தால் செய்கிறது. தலை அசையாமல் நிற்கும் அந்தச் சிறு இடைவேளையில்தான் தரையில் கிடக்கும் தானியமும் பதுங்கி வரும் பூனையும் அதன் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகின்றன.

இதை ஓர் அழகான சோதனை உறுதிசெய்தது. கனடாவைச் சேர்ந்த பாரி ஃப்ராஸ்ட் 1978-இல் புறாக்களை ட்ரெட்மில்லில் நடக்கவிட்டார். கால்கள் நடக்கின்றன, பட்டை பின்னால் ஓடுகிறது, ஆனால் புறா இருந்த இடத்திலேயே இருக்கிறது. சுற்றியுள்ள காட்சி நகரவில்லை. தலைப்பாய்ச்சலும் நின்றுவிட்டது! அது நடையின் தாளம் என்றால் கால் நடக்கும்வரை தொடர்ந்திருக்க வேண்டும். கண்ணுக்காக நடக்கும் வேலை என்பதால் காட்சி நின்றதும் அதுவும் நின்றது. எனக்குத் தெரிந்த மிக எளிமையான, மிகத் தீர்க்கமான பறவைச் சோதனைகளில் இது ஒன்று.

வீட்டைச் சுற்றி வரும் பறவைகளைப் பற்றி நாம் வைத்திருக்கும் விளக்கங்களில் பல, இப்படி யாராவது உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தபோது மாறியிருக்கின்றன. பறவையின் முழங்கால் பின்பக்கமாக மடிகிறது என்று சொல்வதும் அப்படித்தான். நாம் முழங்கால் என்று நினைப்பது அதன் கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றோரம், இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. நம்முடையதைப்போல் முன்பக்கம் பார்த்தபடிதான் மடிகிறது. பறவை நாள் முழுக்க விரல்நுனியில் நிற்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் காலோடு அது தூங்கும்போது கிளையிலிருந்து ஏன் விழுவதில்லை? கால் மடங்கியதும் பின்புறத் தசைநாண் இழுபட்டு விரல்கள் தாமாகவே கிளையை இறுக்கிக்கொள்ளும் என்று நீண்ட காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. விரலுக்குள் தசைநாணும் அதன் உறையும் ஒன்றோடொன்று கொக்கிபோல் பற்றிக்கொள்ளும் அமைப்பு பல பறவைகளுக்கு இருப்பதும் உண்மை. ஆனால் 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மைனாவின் உறவான ஐரோப்பியச் சூறைக்குருவி தூங்குவதைக் கவனித்தபோது, அதன் விரல்கள் கிளையை இறுக்கிப் பிடித்திருக்கவே இல்லை. பாதத்தின் நடுத்திண்டின்மேல் உடம்பின் எடையை நிறுத்தி, சமநிலையாலேயே தூங்கிக்கொண்டிருந்தது. மயக்க மருந்து கொடுத்தபோது அவற்றால் கிளையில் நிற்க முடியவில்லை. அதாவது தூக்கத்திலும் ஏதோ ஒன்று விழித்திருந்து சமநிலையைப் பார்த்துக்கொள்கிறது. பறவைகளின் இடுப்புப் பகுதியில் தண்டுவடத்தை ஒட்டித் திரவம் நிறைந்த நுண்கால்வாய்கள் இருக்கின்றன. நம் உள்காதைப்போல் உடம்பின் சாய்வை உணர்வதற்கு அவை உதவலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மரங்கொத்தியின் கதை இன்னும் பிரபலம். மரத்தில் மோதும் அதிர்ச்சியை அதன் மண்டையோடு பஞ்சுபோல் உள்வாங்கி மூளையைக் காப்பாற்றுகிறது என்று பாடநூல்கள்வரை எழுதப்பட்டது. யோசித்துப் பார்த்தால் இதில் ஓர் இடறல் உண்டு. சுத்தியலின் தலையில் ரப்பரைச் சுற்றினால் கைக்கு இதம்தான். ஆணி இறங்குமா? 2022-இல் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தின் சாம் வான் வாசன்பெர்க் குழுவினர் மூன்று வகை மரங்கொத்திகளை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து, அலகு நிற்கும் வேகத்தையும் மண்டையோடு நிற்கும் வேகத்தையும் ஒப்பிட்டார்கள். இடையில் அதிர்ச்சி உறிஞ்சப்படுவதற்கான அடையாளமே இல்லை. தலை முழுவதும் ஒரே விறைப்பான சுத்தியலாக இயங்கியது. அப்படியானால் மூளை எப்படித் தப்புகிறது? அது மிகச் சிறியது என்பதால். சிலகிராம் எடையுள்ள மூளை திடீரென நின்றால் அதற்குள் எழும் அழுத்தம், நம் ஒன்றரைக் கிலோ மூளைக்குள் எழுவதில் சிறு பங்குதான். எறும்பு உயரத்திலிருந்து விழுந்தாலும் எழுந்து நடப்பதற்குப் பின்னாலும் இந்த அளவுக் கணக்குதான் இருக்கிறது. வியக்க வேண்டிய வேறொன்று மரங்கொத்தியின் நாக்கு. அதைத் தாங்கும் மெல்லிய எலும்புகள் தொண்டையிலிருந்து கிளம்பி மண்டையோட்டின் பின்புறமாக ஏறி, உச்சியைத் தாண்டி நெற்றிக்கு வருகின்றன. மரப்பொந்தின் ஆழத்தில் இருக்கும் புழுவை எட்டும் நீளத்தை வைத்துக்கொள்ள அலகுக்குள் இடமில்லாததால் தலையைச் சுற்றிச் சுருட்டி வைத்திருக்கிறது.

இத்தனையிலும் என்னை அதிகம் மலைக்க வைப்பது வெளியே தெரியாத ஒன்று, பறவையின் மூச்சு. நாம் மூச்சை இழுக்கும் வழியும் விடும் வழியும் ஒன்றே. அதனால் பழைய காற்று எப்போதும் கொஞ்சம் நுரையீரலில் தங்கிப் புதுக்காற்றோடு கலந்துவிடும். பறவையின் நுரையீரல் சிறியது, பெரிதாக விரிந்து சுருங்காதது. காற்றைத் தள்ளும் வேலையை உடம்பெங்கும் பரவியிருக்கும் காற்றுப்பைகள் செய்கின்றன. பெரும்பாலான பறவைகளுக்கு ஒன்பது. முதல் மூச்சை இழுக்கும்போது புதுக்காற்றின் பெரும்பகுதி பின்பக்கப் பைகளுக்குப் போகிறது. மூச்சை விடும்போது அது நுரையீரலுக்குள் நுழைகிறது. இரண்டாம் முறை இழுக்கும்போது அங்கிருந்து முன்பக்கப் பைகளுக்கு நகர்கிறது. இரண்டாம் முறை விடும்போதுதான் வெளியேறுகிறது. ஒரு வாய்க் காற்று உள்ளே வந்து போக இரண்டு மூச்சு! கொல்லன் உலையின் துருத்திகள்போல் முன்னும் பின்னும் பைகள் இயங்க, நடுவில் நுரையீரலுக்குள் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பறவை மூச்சை விடும் நேரத்திலும் அதன் நுரையீரலில் புதுக்காற்று பாய்கிறது. வரித்தலை வாத்துகள் காற்று மெலிந்த இமயத்தைக் கடப்பதற்கு இந்த அமைப்பு பெரும் துணை.

இந்தப் பைகள் சில எலும்புகளுக்குள்ளும் புகுந்திருக்கின்றன. அதனால் பறவையின் எலும்புக்கூடு இலேசானது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. எலும்புக்குள் வெற்றிடம் உண்டு, ஆனால் எலும்பின் சுவர் அடர்த்தி மிகுந்தது. ஒரே எடையுள்ள பறவையையும் பாலூட்டியையும் எடுத்துக்கொண்டால் எலும்புக்கூடுகளின் எடையில் பெரிய வித்தியாசம் இருக்காது.

விடிகாலையில் காதில் விழும் பாட்டும் இந்த மூச்சின் பிள்ளைதான். நம் குரல்வளை தொண்டையின் உச்சியில் இருக்கிறது. பறவையின் ஒலியுறுப்பான சிரிங்க்ஸ் நெஞ்சுக்குள், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் முனையில் இருக்கிறது. பாடும் பறவைகள் அதன் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனியே இயக்க வல்லவை. வட அமெரிக்காவின் செந்நிறக் கார்டினல், ஒரே இழைவான சீழ்க்கையில் தாழ்ந்த சுரத்தை இடப்பக்கத்தாலும் உயர்ந்த சுரத்தை வலப்பக்கத்தாலும் பாடுகிறது. கைமாறும் இடம் நம் காதுக்குத் தெரிவதில்லை. கேனரி வேகமாகப் பாடும்போது ஒவ்வொரு அசைக்கும் நடுவே ஒரு குட்டி மூச்சு இழுத்துக்கொள்கிறது. நாம் மூச்சுவிடாமல் பாடுகிறது என்று நினைக்கும் இடத்தில்தான் அது அதிகமாக மூச்சு வாங்குகிறது.

பாடி முடித்த பறவை பெரும்பாலும் இறகு கோதத் தொடங்கும். அலகால் ஒவ்வொரு இறகாக இழுத்து நீவுவது அலங்காரம்போல் தோன்றும். அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளக் கீழே உதிர்ந்து கிடக்கும் ஓர் இறகு போதும். நடுத்தண்டிலிருந்து இருபுறமும் பிரியும் இழைகளை விரலால் பிளந்துவிடுங்கள். கிழிந்துபோனதுபோல் இருக்கும். ஒவ்வொரு இழையிலும் கண்ணுக்குத் தெரியாத கிளையிழைகள், அவற்றில் பக்கத்து இழையைப் பற்றும் நுண்கொக்கிகள். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அடியிலிருந்து நுனிவரை ஓரிரு முறை மெல்ல நீவினால் ஜிப் மூடுவதுபோல் அவை திரும்பக் கோத்துக்கொள்ளும். பிளந்த இடம் எதுவென்று பிறகு தேடினாலும் கிடைக்காது.