குலையை எங்கே நிறுக்கிறார்கள்?

சம்பள நாளுக்கு முந்தின இரவு பதினோரு மணிக்கு எனக்கு ஓர் அழைப்பு வந்தது. எங்கள் குழு ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு எழுதிக் கொடுத்த செக்ரோல் (கூலிக் கணக்கு) மென்பொருளில், இரண்டு பிளாக்கில் பழம் வெட்டியவர்களின் கணக்கு குறைவாக வருகிறது என்று தோட்டத்துக் கிராணி (கணக்கெழுதும் குமாஸ்தா) சொன்னார். வெட்டிய குலைகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆலையில் நிறுத்த மொத்த எடையும் சரி. ஆனால் மாதத்தின் கடைசி நாள் வெட்டிய பழத்தில் ஒரு பகுதி அடுத்த மாதக் கணக்கில் போய் உட்கார்ந்திருந்தது. அதை வெட்டியவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து, மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள். ஒரு நாள் வெட்டுக்கூலி தள்ளிப்போனால் அங்கே ஒரு குடும்பம் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

நான் மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயாவில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். 2007-இல் ஊரின் பெயர் மாறினாலும் எங்கள் பெரியவர்களுக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். எங்கள் குழுவில் ஆறு பேர். சென்னையில் இரண்டு பேர், கோயம்புத்தூரில் ஒருவர், கோலாலம்பூரில் ஒருவர், பினாங்கில் ஒருவர், அப்புறம் நான். ஆறு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்ததே இல்லை. அந்தத் தவறு நடந்தபோது எங்களுக்குள் வாரம் மூன்று கூட்டம் நடந்துகொண்டிருந்தது. சாட்டில் ஒரு நாளைக்கு நூறு செய்திகளாவது ஓடும். பேச்சுக்குக் குறைவே இல்லை.

மறுநாள் காலை பசியாறும்போது பெரியப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏம்மா, குலையை எங்க நிறுக்கிறாங்கன்னு உங்க ஆளுங்க யாராச்சும் கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், அதனால் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். சென்னையில் தோட்டப் பக்கத்துச் செயலியை எழுதியவர், பழத்தை வெட்டிய இடத்திலேயே நிறுப்பார்கள் என்று நினைத்திருந்தார். தோட்டத்தைப் பார்த்திராத ஒருவருக்கு அது இயல்பான எண்ணம்தான்.

பெரியப்பா நாட்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் நான்கு வட்டம் போட்டார். முதல் வட்டம் மரத்தடி: குலையை வெட்டி, காம்பில் வெட்டியவரின் எண்ணை எழுதுகிறார்கள். இரண்டாவது, சாலையோர மேடை: அங்கே குலையை எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள். மூன்றாவது லோரி. நான்காவது ஆலை வாசலில் லோரியோடு சேர்த்து நிறுக்கும் எடை மேடை. ஆளுக்கு ஆள் தனியாக நிறுப்பதில்லை. பிளாக்கின் மொத்த எடையைக் குலை எண்ணிக்கையால் வகுத்து, ஒரு குலையின் சராசரி எடையைக் கண்டுபிடித்து, அதை அவரவர் வெட்டிய குலைகளோடு பெருக்குவார்கள். முதல் வட்டத்துக்கும் நான்காவதுக்கும் நடுவே அம்பு போட்டு, அதன் மேல் "இங்கதான் நாள் மாறும்" என்று எழுதினார். வெட்டிய பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும் என்பது வழக்கம். தாமதமானால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடித் தரம் கெடும். ஆனால் 24 மணி நேரத்துக்குள் என்றால் மறுநாள் என்றும் ஆகலாம், மறுமாதம் என்றும் ஆகலாம். மழை பெய்து லோரி புதைந்தால் கேட்கவே வேண்டாம். கிராணிமார் எப்போதும் வெட்டிய நாளைத்தான் எழுதுவார்கள். எங்கள் மென்பொருள் ஆலையில் எடை போட்ட நாளை எழுதியது.

இதைச் சோதனையிலேயே ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். அங்கேதான் இரண்டாவது தவறு முதலாவதை மறைத்துவிட்டது. சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடியது. மலேசிய நேரம் அதைவிட எட்டு மணி நேரம் முன்னால். முதல் தேதி அதிகாலை இரண்டு மணிக்கு எடை போட்ட லோரி, சர்வரின் கணக்கில் முந்தின நாள் மாலை ஆறு மணி. ஆகவே அது தற்செயலாகச் சரியான மாதத்தில் விழுந்துவிடும். சோதனைக்கு எடுத்த லோரிகள் எல்லாம் இரவில் எடை போட்டவை. காலை எட்டு மணிக்குப் பிறகு எடை போட்டவைதான் அடுத்த மாதத்துக்குத் தாவின. பெரியப்பாவின் நான்கு வட்டத்தையும் ஒவ்வொன்றுக்கும் உரிய நாளையும் முதல் வாரத்திலேயே போட்டிருந்தால், இரண்டு தவறும் அந்தத் தாளிலேயே தெரிந்திருக்கும்.

இதை நான் எழுதுவது தோட்டப்புறத்திலிருந்தும் அதை ஒட்டிய தாமான்களிலிருந்தும் (குடியிருப்புகளிலிருந்தும்) ஆன்லைனில் மென்பொருள் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்காக. 2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபின் எத்தனையோ பேர் ஊருக்குத் திரும்பி வந்து மடிக்கணினியோடு உட்கார்ந்தார்கள். நல்ல விஷயம். ஆனால் தூரத்திலிருந்து சேர்ந்து வேலை செய்வது ஒரு தனித் திறமை. அதற்கென்று ஐம்பது ஆண்டுகளாக ஆய்வு நடந்து வருகிறது. நமக்கு அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஆலன் என்பவர் பொறியாளர்களின் இருக்கைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து, தூரம் கூடக்கூட அவர்கள் பேசிக்கொள்வது சரசரவென்று குறைவதை 1977-இல் காட்டினார். சுமார் 50 மீட்டரைத் தாண்டினாலே பேச்சு மிகவும் அருகிவிடுகிறது. சென்னைக்கும் பெஸ்தாரி ஜெயாவுக்கும் நடுவே ஒரு கடலே இருக்கிறது. ஜேம்ஸ் ஹெர்ப்ஸ்லெப், ஆட்ரிஸ் மாக்கஸ் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பல ஊர்களில் பிரிந்து கிடக்கும் குழு ஒரு மாற்றத்தைச் செய்து முடிக்க, ஒரே இடத்தில் இருக்கும் குழுவைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு காலம் எடுத்ததைக் கண்டார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது காரணம்தான். இடம் பிரிந்தவுடன் ஒரே வேலைக்குள் அதிகப் பேர் இழுக்கப்படுகிறார்கள். ஆள் கூடியதும் காலம் நீளுகிறது. ஆறு பேருக்கு நடுவே 15 ஜோடிப் பேச்சு சாத்தியம். பன்னிரண்டு பேர் என்றால் 66. அந்த 66-இல் எது அறுந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

மைக்ரோசாஃப்ட்டின் 61,182 அமெரிக்க ஊழியர்கள் 2020-இன் முதல் பாதியில் எப்படித் தொடர்புகொண்டார்கள் என்று பார்த்த ஆய்வு 2021-இல் வந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போனபின் உடனுக்குடன் பேசிக்கொள்வது குறைந்து மின்னஞ்சலும் சாட்டும் கூடின. தன் குழுவுக்குள்ளேயே பேச்சு இறுகி, குழுக்களுக்கு நடுவே இருந்த பாலங்கள் மெலிந்தன. மெல்வின் கான்வே 1968-லேயே ஒன்று சொல்லியிருந்தார்: ஒரு நிறுவனத்தில் யார் யாரோடு பேசுகிறார்களோ, அதே வடிவத்தில்தான் அது கட்டும் மென்பொருளும் அமையும். எங்கள் கதையில் அது அச்சு அசலாக நடந்தது. தோட்டப் பக்கம் சென்னையிலும் சம்பளப் பக்கம் கோலாலம்பூரிலும் இருந்தன. இரண்டு ஊர்களும் சரியாகப் பேசிக்கொள்ளாத அதே விளிம்பில்தான் தேதி தவறியது.

சரி, அப்படியென்றால் இன்னும் நிறையக் கூட்டம் போடலாமா? எங்கள் அனுபவம் வேண்டாம் என்கிறது. ஒரே சொல்லை ஆறு பேர் ஆறு பொருளில் கேட்டுக்கொண்டு, எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். "நிறுத்தாச்சு" (எடை போட்டாச்சு) என்ற சொல் எங்களிடம் அப்படித்தான் கிடந்தது. எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ஒரு படம் இருந்தால் அந்தச் சொல்லுக்கு ஓர் இடம் கிடைக்கும். மென்பொருள் துறையில் மாதிரி வரைதல் என்று சொல்வது இதைத்தான்.

இதன் பிறப்புக் கதைகளில் எனக்குப் பிடித்தது கணினி அறிஞர் டேவிட் ஹரேலுடையது. 1980-களின் தொடக்கத்தில் இஸ்ரேலில் லாவி போர் விமானத்தின் மின்னணு அமைப்பை வடிவமைத்த பொறியாளர்களுக்கு அவர் ஆலோசகராகப் போனார். ரேடார் தெரிந்தவர், ஆயுதம் தெரிந்தவர், திரை தெரிந்தவர் என்று அவரவர் துறையில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். ஆனால் இந்த நிலையில் இந்தப் பொத்தானை அழுத்தினால் விமானம் என்ன செய்யும் என்று அவர் கேட்டால் சட்டென்று பதில் வராது. பெரிய பெரிய ஆவணங்களைப் புரட்ட வேண்டியிருந்தது. அதற்காக அவர் வரையத் தொடங்கியதுதான் 1987-இல் கட்டுரையாக வெளிவந்த நிலை வரைபடம். ஒரு பொருள் எந்தெந்த நிலையில் இருக்கலாம், எது நடந்தால் அடுத்த நிலைக்குப் போகும் என்று காட்டும் படம். அந்தப் பெயரையே கேட்டிராத என் பெரியப்பா நாட்காட்டித் தாளில் போட்டதும் அதன் எளிய வடிவம்தான்.

வரைபடம் என்றதும் நம்மில் பலருக்குக் கல்லூரித் தேர்வு நினைவுக்கு வந்து வயிறு கலங்குகிறது. மென்பொருளைப் படமாக வரைய 1997-இல் தரமாக ஏற்கப்பட்ட யுஎம்எல் முறையின் இரண்டாம் பதிப்பில் 14 வகைப் படங்கள் உண்டு. மனப்பாடம் செய்துவிட்டு மறந்தும்விட்டோம். அதைப் பற்றிக் குற்ற உணர்ச்சி வேண்டாம். மரியன் பெட்ரே 2013-இல் வெளியிட்ட ஆய்வில் 50 மென்பொருள் பொறியாளர்களிடம் கேட்டபோது, 35 பேர் யுஎம்எல்லைத் தொடுவதே இல்லை என்றார்கள். 11 பேர் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் பொறியாளர்கள் வரையாமல் இல்லை. மைக்ரோசாஃப்ட்டில் 2007-இல் செய்த ஓர் ஆய்வு, அவர்கள் வெள்ளைப் பலகையில் ஓயாமல் கிறுக்குவதையும், அதில் பெரும்பகுதி அழிந்துபோவதையும் பதிவுசெய்தது. அலுவலகத்தில் பலகை அழிந்தாலும் பார்த்தவர்கள் நினைவில் கொஞ்சம் தங்கும். நம் வேலையில் அந்தப் பலகையே இல்லை. நான் கவலைப்படும் இடம் அதுதான்.

ஆன்லைன் பலகை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நாங்களும் வைத்திருந்தோம். இருவர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பைத் திருத்தினால் எப்படி இணைப்பது என்ற கணக்கை எல்லிஸ், கிப்ஸ் இருவரும் 1989-லேயே தந்தார்கள். 2011-க்குப் பிறகு அதற்கு இன்னும் வலுவான முறைகளும் வந்துவிட்டன. ஆனால் இந்தக் கருவிகள் காப்பாற்றுவது கோட்டையும் எழுத்தையும்தான். நான் "ஆலையில் நிறுத்தபின் முடிந்தது" என்று அம்பு போட, இன்னொருவர் "மேடையில் எண்ணியபின் முடிந்தது" என்று அம்பு போட்டால் கருவி இரண்டையும் அழகாகச் சேர்த்துக் காட்டும். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

இன்னொரு சிக்கல், படமும் நிரலும் பிரிந்துபோவது. நிரல், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியில் இருக்கும், நாள்தோறும் மாறும். படம் யாரோ ஒருவரின் மேகக் கணக்கில் படிமக் கோப்பாகத் தூங்கும். ஆறு மாதத்தில் அந்தப் படம் பொய் சொல்லத் தொடங்கும். படிமத்தில் யார் எதை மாற்றினார்கள் என்று வரி வரியாக ஒப்பிடவும் முடியாது. அதனால் இப்போது நாங்கள் படத்தை எழுத்தாகவே வைத்திருக்கிறோம். பிளான்ட்யுஎம்எல், மெர்மெய்ட் போன்ற கருவிகளில் நான்கைந்து வரி எழுதினால் அது படமாகத் தெரியும். 2022 பிப்ரவரி முதல், நிரலைப் பகிர்ந்துவைக்கும் கிட்ஹப் தளம் மெர்மெய்டை நேரடியாகவே காட்டுகிறது. நிரலை மாற்றுகிறவர் அதே சமர்ப்பில் (commit) படத்தின் வரியையும் மாற்ற வேண்டும். மாற்றவில்லை என்றால் பரிசீலிப்பவர் திருப்பி அனுப்புவார். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும் என்பேன்.

வரைவதற்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். மலேசியாவில் பகல் பன்னிரண்டு, சென்னையில் காலை ஒன்பதரை. ஒருவர் வரைவார், மற்றவர்கள் கதை சொல்வார்கள்: ஒரு குலை, ஒரு லோரி, ஒரு மழை நாள். பேச்சு முழுவதும் தமிழில்தான். ஆங்கிலத்தில் பேசியபோது புரியாததைக் கேட்கக் கூச்சப்பட்டவர்கள் இப்போது கேட்கிறார்கள். படத்தில் தோட்டத்துச் சொல்லையே எழுதுகிறோம். நிரலிலும் அதே சொல்தான், மொழிபெயர்ப்பு கிடையாது. மாதம் ஒருமுறை தோட்டத்துக் கிராணியையும் அழைத்துப் படத்தைக் காட்டுகிறோம். அவருக்குப் புரியாத படம் என்றால் அது தவறான படம் என்று வைத்துக்கொண்டோம்.

எல்லாவற்றையும் வரைய வேண்டியதில்லை. ஒரு நண்பரின் குழு மூன்று மாதம் வரைந்துகொண்டே இருந்து, ஒரு வரி நிரல்கூட எழுதாமல் வேலையை இழந்தது. இரண்டு பேரின் பொறுப்பு சந்திக்கும் இடம், பணம் கைமாறும் இடம், நாளும் நேரமும் மாறும் இடம், இந்த மூன்றிலும் மட்டும் நாங்கள் வரையாமல் நகர மாட்டோம்.

அந்த மாதக் கணக்கை விடிய விடியத் திருத்தி, சம்பளம் ஒரு நாள் தாமதமாகப் போனது. அந்த ஒரு நாளை நான் மறக்கவில்லை.

போன மாதம் உதிரிப் பழத்துக்குத் தனிக் கணக்கு சேர்க்கச் சொன்னார்கள். சென்னையில் இருப்பவர் நிரலைத் தொடுவதற்கு முன் படத்தைத் திறந்துவைத்துக் கேட்டார்: "அக்கா, குலையிலிருந்து பழம் உதிர்வது எந்த வட்டத்தில்? மரத்தடியிலா, மேடையிலா?" படத்தில் அதற்குப் பதில் இல்லை. கிராணிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) கேள்வியை அனுப்பினோம். இரண்டு இடத்திலும் உதிரும், ஆனால் மரத்தடியில் பொறுக்குவதைச் சாக்கில் கட்டிப் பொறுக்கியவர் பெயரிலேயே எழுதுவோம், மேடையில் உதிர்வது குலையோடு போய்விடும் என்று இரண்டு நிமிடக் குரல் பதிவு வந்தது. படத்தில் ஒரு வட்டமும் இரண்டு அம்பும் கூடின. மறுநாள் காலையில்தான் அவர் நிரல் எழுத உட்கார்ந்தார்.