தோம்பில் கேஸ் இருக்கிறது, அடுப்பில் ஏன் இல்லை?

டிசம்பர் கடைசி வாரத்தில் சுங்கை சிப்புட் பக்கம் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் வாசலில் வெளியூர்க் கார்கள் நிற்கும். கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர் என்று வேலைக்குப் போன பிள்ளைகள் எல்லாம் பெரியம்மா வீட்டில் கூடியிருப்பார்கள். முப்பது நாற்பது பேருக்குச் சமைக்க வீட்டு அடுப்பு காணாது. பின்பக்கத்தில் ஹை பிரஷர் அடுப்பு, அதன்மேல் பிரியாணிச் சட்டி. அரிசி போட்ட நேரம் பார்த்துத்தான் தீ படுக்கும்.

“மாமா, கேஸ் முடிஞ்சிருச்சு போல.”

“போன மாசந்தானடா மாத்துனோம்? நல்லா ஆட்டிப் பாரு.”

ஆட்டினால் தீ கொஞ்சம் எழும்பும், மறுபடி படுத்துவிடும். கடைசியில் யாராவது மழையோடு மோட்டாரை எடுத்துக்கொண்டு கேஸ் கடைக்கு ஓடுவார்கள். ஓரமாகத் தள்ளி வைத்த பழைய தோம்பை, அதாவது கேஸ் சிலிண்டரை, மறுநாள் காலையில் சமையலறை அடுப்பில் மாட்டிப் பார்த்தால், தேத்தண்ணி போடும் அளவுக்கு, ஏன், பல நாள் சமைக்கும் அளவுக்கே, நீலமாக எரியும். முதல்நாள் அது காலியாகவே இல்லை. குளிர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

தோம்புக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களை அழுத்தித் திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். மேலே கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் நிற்கும் ஆவிதான் குழாய் வழியாக அடுப்புக்கு வருகிறது. அடுப்பு ஆவியை உறிஞ்ச உறிஞ்ச, திரவம் கொதித்துப் புது ஆவியைக் கொடுக்கும். நெருப்பே இல்லாமல் எப்படிக் கொதிக்கும் என்றால், சாதாரணக் காற்றழுத்தத்தில் புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும், பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியில். நம் ஊர் 30 டிகிரி அவற்றுக்குக் கொளுத்தும் சூடு. மூடிய தோம்புக்குள் அந்த வெப்பநிலையில் புரோப்பேன் தனியாக இருந்தால் காற்றழுத்தத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் அழுத்தம் கொடுக்கும். பியூட்டேன் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. கலவையின் அழுத்தம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

சரி, கொதிக்க வெப்பம் வேண்டுமே, அது எங்கிருந்து வருகிறது? முதலில் திரவத்திடமிருந்தே. வியர்வை காயும்போது உடம்பு குளிர்கிற அதே கணக்கு. ஒரு கிலோ கேஸ் ஆவியாக ஏறக்குறைய 350 கிலோஜூல் தேவை. அது எரிந்து தரும் வெப்பத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் எரிகிற வெப்பம் சட்டிக்குப் போகிறது. ஆவியாக வேண்டிய வெப்பத்தைத் தோம்பு தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

வீட்டு அடுப்பில் இது தெரியாது. ஒரு மணி நேரத்தில் எரிவது சில நூறு கிராம்தான். அதற்குள் சுற்றியுள்ள காற்று தோம்பின் சுவர் வழியாக வெப்பத்தை உள்ளே அனுப்பிவிடும். பெரிய அடுப்போ மணிக்கு ஒரு கிலோ, சமயத்தில் அதற்கும் மேலே இழுக்கும். மணிக்கு ஒரு கிலோ என்றால் தோம்புக்குள் கிட்டத்தட்ட 100 வாட் வெப்பம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அசையாத காற்றால் அதைக் கொடுக்க முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளியிலிருந்து வெப்பமே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். 14 கிலோ கேஸ் நிறைந்த தோம்பில் ஒரு கிலோ ஆவியானால், மிச்சத் திரவமும் இரும்பும் சேர்ந்து 8 டிகிரி போலக் குளிரும். அதே தோம்பில் 3 கிலோ மட்டும் இருந்தால்? ஒரு கிலோ போவதற்குள் 24 டிகிரி இறங்கிவிடும். குளிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளத் திரவம் குறைவு. வெப்பம் உள்ளே நுழைய, திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் சுவரும் குறைவு. பாதிக்கு மேல் தீர்ந்த தோம்பு விருந்து நாளில் காலை வாருவது இதனால்தான்.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கலவையில் சீக்கிரம் கொதிக்கும் புரோப்பேன் முந்திக்கொண்டு போய்விடும், அடியில் பியூட்டேன் மிஞ்சும். பூஜ்யம் டிகிரியை நெருங்கினால் பியூட்டேனின் அழுத்தமும் வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறக்குறைய சமம். உள்ளேயிருந்து தள்ள ஆளில்லை என்றால் கேஸ் எப்படி வெளியே வரும்? வீட்டு ரெகுலேட்டர் கேட்பது வெறும் 28 மில்லிபார், அதாவது காற்றழுத்தத்தில் நூறில் மூன்று பங்குகூட இல்லை. ஹை பிரஷர் ரெகுலேட்டருக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். நேற்றுப் படுத்த தோம்பு இன்று தேத்தண்ணிக்கு எரிவதில் மாயம் ஒன்றுமில்லை: ராத்திரி முழுக்கக் காற்றிலிருந்து வெப்பம் வாங்கியிருக்கிறது, அடுப்பும் கொஞ்சமாகத்தான் கேட்கிறது.

ஆட்டினால் தீ எழும்புவதற்கும் காரணம் உண்டு. திரவ மட்டத்துக்கு மேலே உள்ள இரும்பு இன்னும் சூடாக இருக்கும். ஆட்டும்போது திரவம் அதில் பட்டுச் சட்டென்று ஆவியாகும். இரும்பின் அந்தச் சூடு தீர்ந்ததும் பழைய கதைதான். நடுவில் குழாய் இணைப்பு தளர்ந்தால் அது வேறு வினை.

இந்த நேரத்தில் தோம்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கீழ்ப்பகுதி மட்டும் நனைந்திருக்கும், மேலே காய்ந்திருக்கும். ஆண்டிறுதி மழைக்காலத்துக் காற்றில் அவ்வளவு ஈரம். இரும்பு 23, 24 டிகிரிக்குக் கீழே போனாலே நீர் கோத்துக்கொள்ளும். அந்த ஈரக்கோடு நிற்கும் இடம்தான் திரவத்தின் மட்டம், காசில்லாத மீட்டர். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த நீர்த்துளிகள் செய்யும் உதவி. ஒரு கிராம் ஈரம் இரும்பின்மேல் படியும்போது விடும் வெப்பம், உள்ளே ஏழு கிராம் கேஸை ஆவியாக்கப் போதும். வெள்ளையாக உறைபனி கட்டிவிட்டால்தான் கெட்டது, அது போர்த்திக்கொண்டு வெப்பத்தைத் தடுக்கும்.

அப்படியென்றால் செய்ய வேண்டியது, தோம்புக்கு வெப்பம் கொடுப்பது. அங்காடிக் கடைகளில் சிலர் தோம்பைத் தண்ணீர்த் தொட்டியில் நிற்க வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குழாய்த் தண்ணீரே போதும்; காற்றைவிட நீர் வெப்பத்தை இருபது மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். தண்ணீர் குளிர்ந்தால் மாற்ற வேண்டும், வால்வும் ரெகுலேட்டரும் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். இரண்டு தோம்புகளை முறையான இணைப்போடு ஒரே அடுப்புக்குக் கொடுத்தாலும் சுமை பாதியாகும்.

கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவது, அடுப்பைத் தோம்புப் பக்கம் தள்ளி வைப்பது, தாளைக் கொளுத்திக் காட்டுவது எல்லாம் வேண்டாத வேலை. அதைவிட மோசம், “கடைசிச் சொட்டு வரட்டும்” என்று தோம்பைப் படுக்க வைப்பது. அப்போது ஆவிக்குப் பதில் திரவமே குழாயில் இறங்கும். அந்தத் திரவம் ஆவியாகும்போது சுமார் 250 மடங்கு விரியும். அடுப்பில் தீ திடீரென்று பெரிதாக எழும்புவது அப்படித்தான்.

புத்தாண்டு ராத்திரி ஸ்டீம்போட் வைக்கும் சின்னக் கேன் அடுப்பில் ஆபத்து எதிர்ப்பக்கம் இருக்கிறது. அந்தக் கேனும் குளிர்ந்து தீ சிறுக்கும், அது வெறும் தொந்தரவு. ஆனால் அகலமான சட்டியை ஏற்றினாலோ, இரண்டு அடுப்பை ஒட்டிவைத்து ஒரே அண்டாவைத் தூக்கி வைத்தாலோ, சட்டியின் சூடு கேன் மேல் திரும்பி அடிக்கும். 30 டிகிரியில் மூன்று மடங்குக்குக் கீழே இருந்த பியூட்டேன் அழுத்தம் 60 டிகிரியில் ஆறு மடங்கைத் தாண்டும். மெல்லிய தகரக் கேன் அதற்குமேல் எவ்வளவு தாங்கும்? கேன் பக்கம் சட்டி நீட்டிக்கொண்டிருந்தால் சட்டியை மாற்றிவிடுங்கள்.

பெரிய தோம்புக்கு வருவோம். உண்மையிலேயே தீர்ந்ததா என்று தெரிய ஆட்டவே வேண்டாம், உடம்பு எடை பார்க்கும் தராசு போதும். காலித் தோம்பின் எடையை அதன்மேலேயே பொறித்திருப்பார்கள். தராசு காட்டுவதில் அதைக் கழித்தால் மிச்சம் இருப்பது கேஸ். மூன்று நான்கு கிலோதான் என்றால் அதைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, பிரியாணிக்குப் புதுத் தோம்பை மாட்டலாம்.