பிரசவ வலி நிவாரணம்: கர்ப்பிணிகள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியவை

உலக சுகாதார அமைப்பு 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட பிரசவகாலப் பராமரிப்பு வழிகாட்டுதலின் 56 பரிந்துரைகளுள் சில, பிரசவ வலியைக் குறைப்பது பற்றியவை. ஆரோக்கியமான கர்ப்பிணி வலி நிவாரணம் கேட்டால், அவருடைய விருப்பத்தைப் பொறுத்து கீழ்முதுகில் மெல்லிய குழாய் வழியே மருந்து செலுத்தும் எபிடியூரல் முறையையோ, பெத்திடின், ஃபென்டனில் போன்ற ஊசி மருந்துகளையோ, மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு, இசை, முதுகைப் பிடித்துவிடுதல், வெந்நீர் ஒத்தடம் போன்ற மருந்தில்லா முறைகளையோ வழங்கலாம் என்று அது கூறுகிறது. இது எந்த நாட்டையும் கட்டுப்படுத்தும் சட்டமன்று. ஆயினும் மருத்துவமனையில் உரிமையோடு எடுத்துச் சொல்லத்தக்க அளவுகோல்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும் என்னும்போது, இப்படி ஒன்று இருப்பதே தெரியாத பெண் எதைக் கேட்பார்? வலியின் உச்சத்தில் நீட்டப்படும் ஒப்புதல் படிவத்தை நிதானமாகப் படித்து முடிவெடுப்பது எவருக்கும் அரிது. ஆகவே இந்த உரையாடல் கர்ப்பகாலப் பரிசோதனைகளின்போதே நடந்தாக வேண்டும். அதே அமைப்பு 2016-இல் கர்ப்பகாலத்தில் குறைந்தது 8 சந்திப்புகளைப் பரிந்துரைத்திருக்கிறது; அவற்றுள் பிந்தைய ஒன்றையேனும் இதற்கு ஒதுக்குவது மருத்துவர்களின் கடமை என்றே கருதுகிறேன்.

வலி நிவாரண முறைகளுள் வலியை மிகுதியாகக் குறைப்பது எபிடியூரல். மயக்கவியல் மருத்துவர், கீழ்முதுகில் தண்டுவடத்தை மூடியுள்ள உறைக்கு வெளியே மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, அதன் வழியே மருந்தைச் செலுத்துவார். தாய் முழு நினைவோடு இருப்பார். இதனால் அறுவைப் பிரசவம் கூடும், முதுகுவலி ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் என்ற அச்சங்கள் பரவலாக உள்ளன. ஆய்வுகளின் தொகுப்பு இவ்விரண்டையும் உறுதிப்படுத்தவில்லை. இரத்த அழுத்தம் தாழ்தல், காய்ச்சல், கால்கள் மரத்தல், சிறுநீர் கழிப்பதில் சிரமம், குழந்தையை வெளித்தள்ளும் கட்டம் சற்று நீளுதல், அரிதாகக் கடும் தலைவலி ஆகியவை உண்மையான பக்கவிளைவுகள் என்பதால், இரத்த அழுத்தத்தையும் குழந்தையின் இதயத் துடிப்பையும் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்களுக்கும், இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் இது பொருந்தாமல் போகலாம். பிரசவம் நெருங்கிவிட்டால் செய்ய நேரம் இராது.

பெத்திடின் போன்ற ஊசிகள் வலியை ஓரளவே தணிக்கும். தூக்கக் கலக்கமும் குமட்டலும் வரலாம், பிறப்புக்குச் சற்று முன்பு செலுத்தினால் குழந்தையின் மூச்சு மந்தமாகலாம். சில மருத்துவமனைகளில் நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் சரிபாதி கலந்த வாயுவை, தாயே முகமூடியைப் பிடித்துச் சுவாசிக்கத் தருவார்கள். அது வேலை செய்ய அரை நிமிடமளவு ஆகும் என்பதால், வலி தொடங்கும்போதே சுவாசிக்க வேண்டும்.

மருந்தில்லா முறைகளையும் எளிதாக எண்ணிவிடக் கூடாது. தாய் விரும்பும் ஒருவர் பிரசவம் முழுவதும் உடனிருக்க வேண்டும் என்பதும் இதே வழிகாட்டுதலின் பரிந்துரைதான். முதுகைப் பிடித்துவிடவும் ஒத்தடம் கொடுக்கவும் அவரால் முடியும்.

மயக்கவியல் மருத்துவர் இரவிலும் இருப்பாரா, உடனிருப்பவரை அனுமதிப்பார்களா, தனிக் கட்டணம் உண்டா என்பவற்றை மருத்துவமனையில் முன்னதாகவே கேட்டறிந்து, தம் விருப்பத்தைப் பரிசோதனைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கச் சொல்லலாம். அந்த விருப்பம் எவரையும் கட்டிப்போடாது: மருந்தே வேண்டாம் என்று எழுதியவர் பாதியில் அதைக் கேட்கலாம், வேண்டும் என்றவர் மறுக்கலாம். இரண்டுமே தாயின் முடிவுகள். குடும்பத்தினர் அவர் சார்பில் எடுப்பவை அல்ல.